கமறியா கீறியதும் மக்தலேனா செய்ததும்

சேசு மரி சூசை

சிலாபம்
14.02.1993

அன்புள்ள கமறியா,

மக்தலேனா எழுதுகிறேன். மன்னாரில் உன் வீட்டுக்கு மூன்றாவது ஒழுங்கையில் நகைப் பட்டறை வைத்திருந்த இன்னாசிப்பிள்ளையின் மனைவி என்று எழுதினால் நீ சிரிப்பாய். இரண்டரை வருடத்துக்குப் பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியாமல்தான் அப்படி எழுதுகிறேன்.

உன் விலாசத்தைச் சரீப் நானாவிடம் வாங்கினேன். கற்பிட்டியிலிருந்து கருவாடு கொண்டுவந்து இங்கே சந்தையில் போடுகிறவர். நான் விலை கேட்ட பேச்சை வைத்தே, "நீங்க மன்னாரா?" என்றார். ஓம் என்றேன். ஆலங்குடா அகதி முகாமில் மன்னார்ச் சனம் நிறைய என்றார். "படம் கீறுற ஒரு பிள்ளை, கமறியா எண்டு, புருசன் துணிக்கடை வச்சிருந்தவர்" என்று நான் சொல்லி முடிக்கமுதல், "மஸாஹிர்ட பெண்சாதி" என்று சொல்லிவிட்டார். கருவாடு வாங்காமலே வந்துவிட்டேன்.

இன்னாசி போன வருடம் ஆவணியில் மோசம் போனார். குண்டுமில்லை, சூடுமில்லை. முதலில் வேலையை விட்டார், பிறகு சாப்பாட்டை, பிறகு கதை பேச்சை. அவரை அடக்கம் செய்துவிட்டு நான் மடு வழியாக இங்கே வந்தேன். வரும்போது கையில் இருந்தது ஊதுகுழல், இரண்டு குறடு, அரம், ஒரு சின்னத் தராசு.

ஒரு சிங்கள அம்மாவின் வீட்டுப் பின்பக்கத்தில் அறை எடுத்திருக்கிறேன். தங்கத்துக்கு வசதியில்லை, வெள்ளியில் செய்கிறேன். கடைத்தெருவில் பெர்னாண்டோ முதலாளி என்று ஒருவர் வாங்குகிறார். நல்ல மனிதர், என்னை நோனா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். "நோனா, உங்கட வேலை சுத்தம். ஆனா இந்தப் பூவும் இந்த இலையும் எல்லாக் கடையிலயும் இருக்கே" என்கிறார். அவர் சொல்வது சரி. இன்னாசியும் நானும் எந்த நாளும் கை மட்டும்தான். கண் உன்னுடையது. மன்னாரில் கலியாண வீட்டுக்காரர் "கமறியா மொடல்" என்றுதானே கேட்பார்கள், எங்கள் பெயரையா சொன்னார்கள்?

உன் பழைய படக் கொப்பி எங்கள் வீட்டுக் கூரையோடு போய்விட்டது. புதிதாக எனக்கு ஏதாவது கீறி அனுப்புவாயா? விற்பதில் பாதி உனக்கு.

உன் மகள் ஜுனைதா வளர்ந்திருப்பாள். சுகம் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா
மக்தலேனா


786

ஆலங்குடா முகாம்
09.03.1993

மக்தலேனா அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. நோன்பு நாள் என்று காரணம் சொல்லலாம். அது காரணமில்லை.

இன்னாசி அண்ணனின் செய்தி கேட்டு மஸாஹிரும் நானும் கவலைப்பட்டோம். நான் கீறியதை அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நடக்கும் பிள்ளை. இது நடக்காது, பவுண் இவ்வளவு வளையாது" என்று சொல்கிற குரல் இன்னும் காதில் இருக்கிறது.

நான் இப்போது கீறுவதில்லை. இங்கே எங்களுக்கு இருக்கும் வேலை வரிசையில் நிற்பது. தண்ணீருக்கு, நிவாரண அரிசிக்கு, கக்கூசுக்கு. மஸாஹிர் வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறார். தென்னங்கிடுகுக் கொட்டிலுக்குள் நின்றால் என் தலை கூரையில் முட்டும். இதற்குள் இருந்துகொண்டு யாரோ ஒருத்தியின் கழுத்துக்கு எது அழகு என்று யோசிக்கச் சொல்கிறீர்கள்.

ஒன்று கேட்கிறேன். இரண்டரை வருடமாக இதைக் கேட்க உங்கள் விலாசம் இல்லாமல் இருந்தது. இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று, கடற்கரைக்குப் போகும் வழியில் உங்கள் வாசலில் நின்றேன். பொருள் எதையும் தரவல்ல, போகிறோம் என்று சொல்லத்தான். கதவு சாத்தியிருந்தது. ஜுனைதா "மாமி, மாமி" என்று மூன்று தரம் கூப்பிட்டாள். உள்ளே வெளிச்சம் இருந்தது. சட்டி வைக்கும் சத்தமும் கேட்டது.

பயமாக இருந்திருக்கும், அது எனக்கு விளங்கும். ஆனால் யன்னலையாவது திறந்திருக்கலாம்.

கமறியா


சிலாபம்
20.03.1993

அன்புள்ள கமறியா,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் முடியவில்லை.

அன்றைக்கு எனக்குக் கடும் காய்ச்சல். எழும்ப ஏலாமல் கிடந்தேன். சட்டி வைத்தது இன்னாசியாக இருக்கும். அவருக்கு உன் குரல் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். இதை நீ நம்ப வேண்டும்.

சரீப் நானாவிடம் ஒரு பொதி தந்துவிட்டிருக்கிறேன். பெருநாளைக்கு ஜுனைதாவுக்குச் சட்டைத் துணி, சீனி, தேயிலை. அடியில் ஒரு படம் கீறும் கொப்பியும் நாலு பென்சிலும் இருக்கின்றன. கீறத்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளை பள்ளிக்கு எடுத்துப்போனாலும் சரி.

நான் இந்த வாரம் நாலு பதக்கம் செய்து நாலையும் திரும்ப உருக்கினேன். ஒன்று தாமரை. ஒன்று மயில், அது கோழி மாதிரி வந்தது. பெர்னாண்டோ முதலாளியின் மகள் அதைப் பார்த்துச் சிரித்தே விட்டாள். எனக்குள் ஒன்றுமில்லை கமறியா. கண்ணை மூடினால் நான் பார்க்க விரும்பாத ஒன்றுதான் வருகிறது.

மக்தலேனா


ஆலங்குடா முகாம்
18.04.1993

மக்தலேனா அக்காவுக்கு,

துணிக்கு நன்றி. சட்டை தைத்துப் போட்டாள். அவளுக்கு ஒன்பது வயது என்பதை மறந்து ஆறு வயதுக்கு அளந்திருக்கிறீர்கள். ஒட்டுப் போட்டுத் தைத்தேன்.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஏன் கீறினேன் என்று கேட்காதீர்கள். கொப்பியில் வெள்ளைத் தாளைப் பார்த்ததும் மன்னாரில் வராத கோபம் ஒன்று வந்தது.

போன கிழமை விறகு பொறுக்கக் களப்புக் கரைக்குப் போனோம், கடல் உள்ளே வந்து தேங்கிக் கிடக்கும் இடம். வெயிலில் வற்றிய பள்ளம் ஒன்றில் உப்புப் பூத்திருந்தது. மற்றப் பெண்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். நான் குந்திப் பார்த்தேன். ஒவ்வொரு உப்பும் ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள் இன்னொரு சதுரம், அதற்குள் இன்னொன்று, படிப்படியாக உள்ளே இறங்கிப் போகிறது. நடுவில் ஒன்றுமில்லை. ஒரு வீட்டுக்குள் எல்லாரும் எழும்பிப் போன மாதிரி.

அதைத்தான் கீறியிருக்கிறேன். பூ இல்லை, இலை இல்லை, கல்லும் வைக்க வேண்டாம். உள்ளே போகப்போக வெள்ளி மங்கலாக இருக்க வேண்டும். வெளி விளிம்பை மட்டும் துலக்குங்கள். ஒருவரும் வாங்க மாட்டார்கள்.

காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். சரி.

கமறியா


சிலாபம்
29.04.1993

என் கமறியா,

வாங்கிவிட்டார்கள்! மூன்று நாள் இருந்து செய்தேன். உள் சதுரத்தை மங்கலாக்க எனக்கு வழி தெரியவில்லை. கடைசியில் அடுப்புச் சாம்பலைக் குழைத்துத் தேய்த்தேன், வந்தது. பெர்னாண்டோ முதலாளி கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இது என்ன நோனா?" என்றார். உப்பு என்றேன். "உப்பை எவன் கழுத்தில போடுவான்?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். அன்று பின்னேரமே ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வாங்கிப் போனாளாம். இன்னும் ஆறு கேட்கிறார்.

உன் பங்கு சரீப் நானாவிடம் வருகிறது. வேறு என்ன பார்த்தாய் அந்தக் கரையில்? எல்லாவற்றையும் கீறு.

மக்தலேனா


சிலாபம்
17.05.1993

அன்புள்ள கமறியா,

நீ பிறகு அனுப்பிய படங்கள் கிடைத்தன, பதில் தாமதித்துவிட்டது. மே தினத்தில் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு இங்கே வடக்கிலிருந்து வந்த ஆட்களைத் தேடினார்கள். என்னையும் கொண்டுபோனார்கள். எங்கே என்று எழுதவில்லை; கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

அறையைச் சோதித்தபோது வெள்ளி துலக்கும் அசிட் போத்தல், காஸ் சிலிண்டர், கம்பிச் சுருள் எல்லாம் மேசையில் கிடந்தன. நீயே யோசித்துப் பார். ஒருவன் என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பினான். எல்லா இடமும் தீத் தழும்பு. "மே மொனவத?" என்றான், இவை என்ன என்று. நகை வேலை என்றேன். "பொம்பளையா நகை வேலை செய்றது?" என்றான் தமிழில். புருசன் இல்லை, அதனால் செய்கிறேன் என்றேன். நம்பவில்லை. ஒரு மோதிரத்தைக் கழற்றி என் முன்னால் போட்டு, இதை எப்படிச் செய்தார்கள், சொல்லு என்றான். நான் சொன்னேன். எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே அரம் போட்டிருக்கிறது, செய்தவன் இடக்கைக்காரன் என்பதுவரை சொன்னேன். அதன் பிறகு இருக்க ஒரு கதிரை தந்தார்கள்.

இரண்டாம் நாள் பெர்னாண்டோ முதலாளி வந்து கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்துவிட்டார். அசிட் போத்தலைத் திருப்பித் தரவில்லை. இப்போது புளிக்கரைசலில் போட்டுத் துலக்குகிறேன், நேரமெடுக்கிறது. வீட்டு அம்மா பின்வாசல் திறப்புச் சாவியை வாங்கிவிட்டாள்.

உன் படங்கள் இருந்தபடியால்தான் மனம் நிற்கிறது. நண்டு நடந்த தடத்தை வைத்து நீ கீறிய சங்கிலியைத் தொடங்கியிருக்கிறேன்.

மக்தலேனா


ஆலங்குடா முகாம்
02.06.1993

அன்புள்ள அக்கா,

உங்கள் கையை அவன் திருப்பிப் பார்த்தான் என்று வாசித்தபோது எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் கையில் எந்தத் தழும்பு எந்த நகைக்கு வந்தது என்று எனக்குத் தெரியும். நீங்கள் கவனமாக இருங்கள். அங்கே ஏலாமல் போனால் இங்கே வந்துவிடுங்கள். ஒரு கிடுகு மறைப்புப் போட்டால் உங்களுக்கும் இடமாகும். இதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இத்துடன் ஒரு காப்புப் படம் இருக்கிறது. இது எப்படி வந்தது என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். மஸாஹிருக்கும் தெரியாது.

எங்கள் வரிசையில் நாலாவது கொட்டிலில் உம்மு குல்சூம் என்று ஒருத்தி. போன வெள்ளிக்கிழமை அவளுடைய நாலு வயது மகள் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டாள். தோட்டக் கிணறுகளுக்கு இங்கே கட்டு இல்லை, நிலத்தோடு நிலமாக இருக்கும். மஸாஹிர்தான் இறங்கித் தூக்கினார், மூச்சு இல்லை.

மையத்து வீட்டில் நான் உம்மு குல்சூமுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுகிறாள். நானும் அழுகிறேன், பொய்யாக அல்ல. ஆனால் அக்கா, என் கண் பிள்ளையைக் கிடத்தியிருந்த பாயின் ஓரத்தில் நின்றுவிட்டது. ஓரத்தில் சிவப்பு ஓலை இரண்டு சேர்ந்து வந்து, ஓரிடத்தில் பிரிந்து, கறுப்பு ஒன்று அவற்றுக்கு அடியில் போய் மறுபக்கம் வருகிறது. இதைக் கம்பியில் முறுக்கலாமே என்று நினைத்தேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில்! கொட்டிலுக்கு வந்ததும் மறந்துவிடுமோ என்று பயந்து, கை கழுவமுதல் கீறினேன்.

மஸாஹிர் நனைந்த சாரத்தோடு வாசலில் இருந்தார். என்னைப் பார்த்து, "இங்க குடிக்கத் தண்ணி இல்ல, புள்ளைகள் கிணத்துல போகுது, நீ காப்புக் கீறுறாய்" என்றார். அவர் கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மெதுவாகச் சொன்னார்.

மன்னாரில் எனக்கு மருதாணிக் கையும் கதவுச் சித்திரமும் பார்த்து வந்த யோசனைகள்தான். அப்போது எதுவும் இவ்வளவு நன்றாக வரவில்லை. இந்தத் துக்கத்திலிருந்துதான் நல்லது வருகிறது என்றால் நான் எப்படிப்பட்டவள்?

கீறியதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. உங்களிடம் அனுப்புகிறேன். செய்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

கமறியா


சிலாபம்
15.06.1993

அன்புள்ள கமறியா,

காப்பைச் செய்துவிட்டேன். இரண்டு வெள்ளிக் கம்பி, நடுவில் ஒரு செப்புக் கம்பியைக் கறுக்கவைத்து ஓடவிட்டேன். என் வாழ்நாளில் இதைவிட நல்ல வேலை என் கையால் நடக்கவில்லை. பெர்னாண்டோ முதலாளி விலை பேசவேயில்லை. கொழும்புக் கடை ஒன்றுக்கு அனுப்பப்போவதாகச் சொல்கிறார்.

உன் கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுந்த ஆளில்லை. நீ அந்தப் பிள்ளைக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. உன் கண் பார்த்தது, அவ்வளவுதான். கண் பார்ப்பதற்கு மனுசர் பொறுப்பில்லை. கை செய்வதற்குத்தான் பொறுப்பு.

வரச்சொல்லி எழுதியிருந்தாய். அந்த வரியைக் கத்தரித்து எடுத்துச் செபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன்.

மக்தலேனா


ஆலங்குடா முகாம்
11.07.1993

அன்புள்ள அக்கா,

நீங்கள் அனுப்பிய காசில் மஸாஹிர் கூரைக்குப் புதுக் கிடுகு போட்டார். இப்போது தலை முட்டுவதில்லை. படம் கீறுவதைப் பற்றி அவர் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. நேற்றுத் தோட்டத்திலிருந்து ஒரு காய்ந்த வெங்காயத் தாளைக் கொண்டுவந்து, "இந்த நரம்பு உனக்குச் சரிவருமா பாரு" என்று தந்தார்.

ஆடியில் தலவில் கோயில் திருவிழா வருகிறதல்லவா? அங்கிருந்து எங்கள் முகாம் கூப்பிடு தூரம் மாதிரி. கட்டாயம் வாருங்கள். இத்தனை கடிதம் எழுதிவிட்டு முகம் பார்க்காமல் இருப்பது என்ன நியாயம்?

இன்னொரு வேலை இருக்கிறது. இது கடைக்கல்ல. இத்துடன் உள்ள படத்தைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரியும். ஜுனைதா பிறந்து நாற்பதாம் நாளுக்கு நான் கீறி, நீங்களும் இன்னாசி அண்ணனும் செய்து தந்த தோடு. ஆறு நெல்மணி, நடுவில் சிவப்புக் கல். நினைவில் வைத்துத்தான் கீறினேன், அளவு சரியா என்று பாருங்கள்.

இதை உங்களுக்கு எழுதியதில்லை. மன்னார்க் கடற்கரையில் வள்ளத்தில் ஏற்றமுதல் எங்களை வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். என் காப்பு, சங்கிலி எல்லாம் கழற்றிக் கொடுத்தேன். தோளில் துவக்கோடு நின்ற இயக்கப் பெடியன் ஒருவன் ஜுனைதாவின் காதைக் காட்டினான். கழற்றுவதற்குள் பறித்துவிட்டான். வலப்பக்கக் காது கிழிந்துபோனது. வள்ளத்தில் கற்பிட்டி வந்துசேரும்வரை என் முந்தானையை அவள் காதில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

காது இரண்டு துண்டாகத்தான் ஆறியது. தலைமயிரால் மூடிக்கொண்டு திரிகிறாள். இங்கே ஆஸ்பத்திரிக்கு வரும் டொக்டர் ஒருவர் தைத்துத் தருவதாகச் சொல்கிறார். தைத்து ஆறியதும் மறுபடி குத்தலாமாம். அவள் கேட்பது அதே தோடு. வெள்ளியில் செய்தாலும் சரி. நீங்கள் செய்தால்தான் அது அதுவாக இருக்கும்.

கமறியா


ஆலங்குடா முகாம்
24.08.1993

அக்காவுக்கு,

நாற்பது நாளுக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து ஒன்றுமில்லை. திருவிழா அன்று கோழி ஆக்கி வைத்துக்கொண்டு பின்னேரம்வரை றோட்டில் நின்றோம். ஜுனைதா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓடிப்போய்ப் பார்த்தாள்.

நேற்றுச் சரீப் நானா சொல்கிறார், நீங்கள் தலவிலுக்கு வந்தீர்களாம். கோயில் வாசலில் உங்களைக் கண்டாராம். "அந்தா தெரியுது கமறியாட முகாம், கூட்டிப் போகவா?" என்று அவர் கேட்க, தலையிடி என்று சொல்லித் திரும்பிவிட்டீர்களாம்.

முதலில் காய்ச்சல். இப்போது தலையிடி.

என்ன நடந்தது? நான் ஏதும் பிழையாக எழுதினேனா? முகாம் என்று அருவருப்பா? அப்படியானால் எழுதுங்கள். கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் இன்னொரு தரம் செய்யாதீர்கள்.

கமறியா


சிலாபம்
19.09.1993

கமறியா,

இதை எத்தனையோ தரம் எழுதிக் கிழித்தேன். இந்த முறை எழுதியபடியே தபாலில் போடுகிறேன்.

அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளை கூப்பிட்டது மூன்று தரமல்ல, நாலு தரம். இன்னாசி திறக்க வந்தார். நான் கையைப் பிடித்தேன். திறந்தால் உங்களை ஒளித்து வைக்கச் சொல்லிக் கேட்பாய் என்று பயந்தேன். நீ கேட்டிருக்க மாட்டாய் என்று இப்போது தெரிகிறது.

அது முதலாவது. அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் துணிந்திருப்பேன். தலவிலில் நின்று முகாமைப் பார்த்தபோது கால் நகராமல் போனது இரண்டாவதற்காக.

நீங்கள் போய் இரண்டு கிழமைக்குப் பிறகு இயக்கத்தில் மூன்று பேர் பட்டறைக்கு வந்தார்கள். ஒருவன் கையில் பெரிய பால்மா டின். மேசையில் கவிழ்த்தான், உங்கள் சனத்திடம் கழற்றிய நகைகள். "இதையெல்லாம் உருக்கிக் கட்டியாக்கித் தரவேணும். மூண்டு நாள்" என்றான். இன்னாசி குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். "ஏலாது தம்பி. இது நான் செய்த சாமான்" என்றார். அவன் கோபப்படவில்லை. துவக்கைத் தோளிலிருந்து எடுத்து நகைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தான்.

நான் சொன்னேன், "தம்பி, அவருக்குக் கண் சுகமில்லை. நான் செய்யிறன்."

மூன்று நாள் உருக்கினேன் கமறியா. பாதிக்கு மேல் நீ கீறியது. ஒவ்வொன்றும் யாருடையது என்று எனக்குத் தெரியும். எந்தக் கலியாணம், எந்த வருடம், எதற்காக இரண்டாம் முறை திருத்தினோம் என்று தெரியும். நல்ல வேலையாக இருந்தது எல்லாம். அப்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தேன் என்று சொன்னால் நீ நம்புவாயோ தெரியாது.

இரண்டாம் நாள் அந்தத் தோடு வந்தது. ஆறு நெல்மணி, சிவப்புக் கல். ஒன்றின் பின்பக்கச் சுரையில் காய்ந்த இரத்தமும் ஒரு துணுக்குத் தோலும் ஒட்டியிருந்தன. காவலுக்கு நின்றவன் வெளியே சிகரட் பற்றவைக்கப் போயிருந்தான். டின்னுக்குள் என்ன இருந்தது என்று அவர்கள் எண்ணவுமில்லை, எழுதவுமில்லை. அந்தச் சோடி என் சேலைக் கொய்யகத்துக்குள் போயிருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு நேரம் இருந்தது. கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கல்லைக் குத்தி எடுத்துவிட்டு உருக்கும் மூசைக்குள் போட்டு ஊதினேன்.

ஏன் என்று கேட்காதே. மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயம் என்று சொன்னால் அது முழுக்க உண்மையில்லை. அந்தக் காய்ந்த இரத்தம் என் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அது இல்லாமல் போனால் அப்படி ஒன்று நடக்காத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

கூலியாக ஒரு மூட்டை அரிசி வைத்துவிட்டுப் போனார்கள். இன்னாசி அந்த அரிசியில் கை வைக்கவில்லை. நான் ஆக்கினேன், நான் சாப்பிட்டேன். அவர் அதற்குப் பிறகு ஊதுகுழலைத் தொடவில்லை. என் கையால் ஒழுங்காகச் சாப்பிடவுமில்லை. முதல் கடிதத்தில் அவர் மோசம் போன விதத்தை எழுதினேன். காரணத்தை எழுதவில்லை.

நீ கேட்ட தோட்டைச் செய்ய மூன்று தரம் இருந்தேன். நெல்மணி வருகிறது. கல் இருக்கும் குழியைச் செய்யப் போகும்போது கை நின்றுவிடுகிறது.

நீ இனி எழுதாவிட்டால் நான் தபால்காரனைக் கேட்க மாட்டேன்.

மக்தலேனா


ஆலங்குடா முகாம்
06.02.1994

மக்தலேனா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் அடுப்பில் வைத்தேன். ஓரம் கருகியதும் இழுத்து எடுத்தேன். இன்னும் இருக்கிறது.

மஸாஹிரிடம் சொன்னேன். "இனி அந்த மனுசிக்குப் படம் அனுப்பாத" என்றார். பிறகு, அன்று மாலையே, "துவக்கைப் பக்கத்துல வச்சா நான் மட்டும் என்ன செஞ்சிருப்பன்" என்றும் சொன்னார். அவர் சொன்ன இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் மாதங்கள் போய்விட்டன. நான் கீறவில்லை. கீறப் பிடிக்காமல் அல்ல. எதைப் பார்த்தாலும் அது உருகிக்கொண்டிருந்தது.

கார்த்திகை மாதம் நான் சிலாபத்துக்கு வந்தேன். உங்களுக்குத் தெரியாது. இரண்டு பஸ் மாறி, சரீப் நானா சொன்ன அடையாளத்தைப் பிடித்து வந்து, எதிர் வேலியோரம் நின்றேன். உங்கள் முகத்துக்கு நேரே கேட்க வேண்டியதெல்லாம் மனதில் வரிசையாக வைத்திருந்தேன். யன்னலால் உங்களைக் கண்டேன். ஊதிக்கொண்டிருந்தீர்கள். மயிர் முழுக்க நரைத்துவிட்டது. ஊதுகிற நேரம் கன்னம் உப்பி, விட்டதும் முகம் உள்ளே விழுகிறது. உங்களைத் தேடி ஒருவரும் வரவில்லை. நீங்கள் ஒரு தரம் நிமிர்ந்து வெளியே பார்த்தீர்கள். நான் வேலிக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஏன் ஒதுங்கினேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். உங்களைக் கேட்க நான் வைத்திருந்த கேள்விகளில் ஒன்று எனக்கும் உரியது.

கடற்கரையில் நடந்ததை நான் உங்களுக்குப் பிழையாக எழுதியிருக்கிறேன். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிவருகிறேன். அந்தப் பெடியன் காதைக் காட்டியது உண்மை. பறித்தது அவனில்லை. கழற்றச் சொன்னான், அவ்வளவுதான். நான் கழற்றினேன். இடப்பக்கம் வந்துவிட்டது. வலப்பக்கச் சுரை இறுகியிருந்தது, என் விரல் வியர்வையில் வழுக்கியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் தள்ளுகிறார்கள், வள்ளக்காரன் கத்துகிறான், இவன் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றினான். அதைக் கண்டதும் நான் இழுத்துவிட்டேன். பிள்ளை கத்திய பிறகுதான் என் கையில் என்ன இருக்கிறதென்று பார்த்தேன். அவன்கூட, "அக்கா, பொறுங்கோ, மெல்ல" என்றான். இழுத்த பிறகா, இழுக்கமுதலா என்று எனக்கு ஞாபகமில்லை. முதலாகத்தான் இருக்க வேண்டும்.

வள்ளத்தில் ஒரு மனுசி கேட்டாள், "பறிச்சிட்டானா?" என்று. ஓம் என்றேன். அந்த ஒரு 'ஓம்' என்ற சொல்லை வைத்துக்கொண்டுதான் மூன்று வருடம் இருந்தேன். ஜுனைதாவும் அதைத்தான் நம்பினாள். முகம் முழுக்க அழுகையாக இருந்த பிள்ளைக்கு எந்தக் கை இழுத்தது என்று தெரியவில்லை.

அவர்கள் எங்களுக்குச் செய்தது செய்ததுதான். அதில் ஒன்றும் குறையாது. நீங்கள் செய்ததும் குறையாது. எனக்காகவும் நான் எதையும் குறைக்கவில்லை.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை ஜுனைதாவிடம் சொன்னேன். என்னுடையதையும் உங்களுடையதையும் சேர்த்துத்தான். கிணற்றடியில் வாளியோடு நின்று கேட்டாள். "மாமி செஞ்ச தோட்டை மாமியே உருக்கினாவா?" என்றாள். ஓம் என்றேன். "காதை நீங்களா உம்மா?" என்றாள். ஓம் என்றேன். தண்ணீரை நிரப்பிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் தலை பின்னிவிடச் சொல்லி வந்து இருந்தாள். காது மறைக்காமல் இழுத்துப் பின்னச் சொன்னாள். டொக்டரிடம் போகத் தேவையில்லை என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வந்தால் எழுதியிருப்பேன். உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன் என்று எழுதப்போனால், அன்று வேலியோரம் நின்று பார்த்த முகம் வருகிறது.

பெர்னாண்டோ முதலாளி புதுப் படம் கேட்டு ஆள் அனுப்பியதாகச் சரீப் நானா சொன்னார். இந்த உறைக்குள் படம் இல்லை. எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் என் கடிதத்தை எதிர்பார்த்திருக்க வேண்டாம் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். இரண்டு பக்கமும் முடிந்துவிட்டது. அதை மட்டும் இன்னும் எழுதவில்லை.

கமறியா